இமேஜ் மட்டும் போதாது, இயக்கும் ஸ்கிரிப்டும் வேண்டும்

பழைய பிளாப்பி டிஸ்க்குகளை இமேஜ் பைல்களாக மாற்றி ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கின்றனர். அது பாதி வேலைதான். அந்த இமேஜை எமுலேட்டரில் எப்படி இயக்க வேண்டும் என்பதை ஒரு சிறிய ஸ்கிரிப்டாக எழுதி, இமேஜ் இருக்கும் அதே போல்டரில் வைத்தால்தான் மீதி வேலையும் முடியும். அதுவரை அந்தப் பிளாப்பியில் இருந்தது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. இதுவே என் கருத்து.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "நமக்கும் பிளாப்பிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் பிளாப்பி டிரைவ் இருக்காது. ஆனால் உங்கள் வீட்டு அலமாரியிலோ, அப்பா வேலை பார்த்த அலுவலகத்திலோ, மாமாவின் கடையிலோ ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய பிளாப்பிகள் இருக்கலாம். கடைக் கணக்கு, பட்டப்படிப்புக்காகத் தட்டச்சு செய்த ஆய்வேடு, ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், தாத்தா எழுதிய கடிதங்கள் என எது வேண்டுமானாலும் அவற்றில் இருக்கலாம். அவற்றை மீட்கும் வேலை இப்போது புதிய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களிடம்தான் வரும். எனவே இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிளாப்பியும் இமேஜும்

முதலில் சில அடிப்படைச் செய்திகள். பிளாப்பி என்பது காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. 1971ல் ஐ.பி.எம். நிறுவனம் 8 அங்குல பிளாப்பியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1976ல் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் 5.25 அங்குல டிரைவ் வந்தது. 1980களில் சோனியின் 3.5 அங்குல பிளாப்பி பரவியது. 1998ல் ஆப்பிள் நிறுவனம் பிளாப்பி டிரைவ் இல்லாமலேயே ஐமேக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஜப்பானில் பிளாப்பி விற்பனையை 2011 மார்ச்சுடன் நிறுத்துவதாக 2010ல் சோனி அறிவித்தது. இன்று வீடுகளில் இருக்கும் பிளாப்பிகளில் பெரும்பாலானவை 20 ஆண்டுகளைத் தாண்டியவை. காந்தப் பதிவு மெல்ல மெல்ல மங்கும். ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். வட்டின் மேல் வெண்புள்ளிகள் தெரிந்தால் அதை டிரைவில் போடாதீர்கள். பிளாப்பியும் கெடும், டிரைவின் தலைப்பகுதியும் கெடும்.

பிளாப்பியில் உள்ள பைல்களை மவுஸால் இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போடுவது இமேஜ் ஆகாது. இமேஜ் என்பது பிளாப்பியின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை உள்ளது உள்ளபடி ஒரே பைலாக எடுப்பது. சாதாரண 3.5 அங்குல பிளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 ட்ராக்குகள் உண்டு. ஒரு ட்ராக்கில் 18 செக்டார்கள். ஒரு செக்டாரில் 512 பைட்டுகள். இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்துப் பெருக்கினால் 14,74,560 பைட்டுகள் வரும். நாம் 1.44 எம்.பி. என்று சொல்வது இதைத்தான். இமேஜ் பைலின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். சரியாக இந்த எண் இருக்க வேண்டும். 720 கே.பி. பிளாப்பி என்றால் 7,37,280. பழைய 5.25 அங்குல பிளாப்பியில் 360 கே.பி. வகைக்கு 3,68,640. 1.2 எம்.பி. வகைக்கு 12,28,800. எண் குறைந்திருந்தால் பிளாப்பி முழுதாகப் படிக்கப்படவில்லை என்று பொருள்.

3.5 அங்குல பிளாப்பிக்கு யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் போதும். இமேஜ் எடுக்க விண்டோஸில் வின்இமேஜ் போன்ற புரோகிராம்கள் உள்ளன. லினக்ஸில் டி.டி. என்ற கட்டளை உண்டு. படிக்க மறுக்கும் பிளாப்பிக்கு டி.டி.ரெஸ்க்யூ என்ற புரோகிராம் உதவும். பிளாப்பியை டிரைவில் போடும் முன் அதில் எதுவும் எழுதப்படாதபடி பூட்டிவிடுங்கள். 3.5 அங்குல பிளாப்பியில் மூலையில் உள்ள சிறு கதவைத் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். 5.25 அங்குல பிளாப்பியில் இதற்கு நேர்மாறு. ஓரத்தில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும்.

உள்ளேயே ஒரு ஸ்கிரிப்ட்

இமேஜ் கிடைத்துவிட்டது. அதை டபுள் கிளிக் செய்தால் பழைய புரோகிராம் ஓடுமா? ஓடாது. அதிலிருந்து பைல்களை வெளியே எடுத்து இயக்கிப் பார்த்தாலும் 64 பிட் விண்டோஸ் மறுத்துவிடும். டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்களை 64 பிட் விண்டோஸ் இயக்குவதில்லை. 2021ல் வந்த விண்டோஸ் 11 தொகுப்போ 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. இங்கேதான் எமுலேட்டர் தேவைப்படுகிறது. எமுலேட்டர் என்பது உங்கள் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போல நடந்துகொள்ளும் புரோகிராம். பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் எழுதி 2003ல் வெளிவந்த கியூஎமு, 2002 முதல் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் ஆகிய இரண்டும் இலவசமானவை. இந்தக் கட்டுரைக்கு இவை இரண்டு போதும்.

எமுலேட்டருக்குள் இமேஜ் எப்படி பூட் ஆகிறது என்று பார்ப்போம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் பிளாப்பியின் முதல் செக்டாரைப் படிக்கும். அந்த 512 பைட்டுகளின் கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்ற ஹெக்ஸ் எண்களாக இருப்பது அது பூட் செக்டார் என்பதற்கான அடையாளம். அந்தச் செக்டாரில் உள்ள சிறு புரோகிராம் டாஸ் சிஸ்டம் பைல்களை மெமரிக்குக் கொண்டுவரும். பிறகு கட்டளைகளைப் பெறும் கமாண்ட் டாட் காம் வரும். கடைசியாக ஆட்டோஎக்ஸெக் டாட் பேட் என்ற பைலில் எழுதியிருக்கும் கட்டளைகள் ஒவ்வொன்றாக நிறைவேறும்.

இந்தக் கடைசிப் பைலைக் கொஞ்சம் கவனியுங்கள். அது ஒரு ஸ்கிரிப்ட். அதை எழுதியவர் யாருக்காக எழுதினார்? டாஸ் கட்டளை ஒன்றுகூடத் தெரியாதவருக்காக எழுதினார். பிளாப்பியைச் செருகி ஆன் செய்தால் போதும், கணக்கு எழுதும் திரை தானாக வந்து நிற்க வேண்டும் என்பதற்காக எழுதினார். அந்த நாளில் கடையில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளைக்கு அந்த ஸ்கிரிப்ட் செய்த உதவியை, நாளை உங்கள் இமேஜைத் திறக்கப் போகிறவருக்கு நீங்கள் செய்ய வேண்டும் என்கிறேன். அவர் பிளாப்பிக்கு உள்ளே எழுதினார். நீங்கள் எமுலேட்டருக்கு வெளியே எழுதப் போகிறீர்கள். வேலை ஒன்றுதான்.

காப்பி இருந்தும் திறக்க முடியவில்லை

இமேஜ் இருந்தால் போதாதா என்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985ல் கமோடோர் நிறுவனத்தின் அமிகா கம்ப்யூட்டரில் சில படங்கள் வரைந்தார். அந்தப் பிளாப்பிகள் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் கிடந்தன. கலைஞர் கோரி ஆர்கேஞ்சல் முயற்சி எடுக்க, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கிளப் மாணவர்கள் பிளாப்பிகளைப் படித்தனர். கிடைத்த படங்கள் பற்றி 2014ல் அறிவிப்பு வந்தது. ஆனால் பிளாப்பியிலிருந்து பைல்களை எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. படங்கள் இருந்த பைல் வடிவம் பழக்கமில்லாத ஒன்றாக இருந்தது. அதன் அமைப்பைத் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்த பிறகுதான் படங்களைப் பார்க்க முடிந்தது. பைல் கையில் இருப்பது வேறு, அதைத் திறக்கத் தெரிவது வேறு.

தமிழில் இந்தச் சிக்கல் நமக்கு இன்னும் நெருக்கமானது. யூனிகோட் பரவும் முன் தமிழ் எழுதும் புரோகிராம்கள் எழுத்துகளுக்குத் தத்தமக்கென எண்களை வைத்துக்கொண்டன. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தர அமைப்புகள் வந்தன. அதற்கு முன் தட்டச்சு செய்த கடிதத்தை இன்றைய நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். அந்தக் கடிதத்தை எழுதிய அதே புரோகிராமில், அதே எழுத்துருவோடு திறந்தால் தமிழ் தெரியும். ஆகவே கடிதம் உள்ள பிளாப்பியை மட்டும் இமேஜ் எடுத்துப் பயனில்லை. எழுதிய புரோகிராமின் பிளாப்பியும் வேண்டும். இரண்டையும் எந்த வரிசையில், எந்த டிரைவில் போட வேண்டும் என்ற விவரமும் வேண்டும். அந்த விவரத்தை எழுதி வைக்கும் இடம்தான் ஸ்கிரிப்ட்.

இதை நன்றாகச் செய்துவரும் நிறுவனம் ஒன்று உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015 ஜனவரியில் சுமார் 2,400 டாஸ் விளையாட்டுகளை பிரவுசரிலேயே இயங்கும்படி வைத்தது. அங்கே ஒவ்வொரு புரோகிராமுடனும், எந்த எமுலேட்டரில் இயக்க வேண்டும், எந்த பைலில் தொடங்க வேண்டும் என்ற குறிப்புகளும் சேர்த்தே வைக்கப்படுகின்றன. பார்ப்பவர் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். பெரிய நூலகம் செய்வதை நாம் நம் வீட்டு அளவில் ஏன் செய்யக்கூடாது?

ஸ்கிரிப்டில் என்ன இருக்க வேண்டும்?

பயப்பட வேண்டாம். விண்டோஸில் இதற்குப் பேட்ச் பைல் போதும். நோட்பேடைத் திறந்து வரிகளைத் தட்டி, பெயருக்குப் பின் டாட் போட்டு பி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து சேவ் செய்ய வேண்டும். சேவ் செய்யும்போது பைல் வகை என்ற இடத்தில் ஆல் பைல்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நோட்பேட் டி.எக்ஸ்.டி. என்பதையும் ஒட்டிவிடும், டபுள் கிளிக் செய்தால் வெறும் எழுத்தாகத்தான் திறக்கும்.

முதலில் ரெம் என்று தொடங்கும் குறிப்பு வரிகள். கம்ப்யூட்டர் இவற்றைக் கண்டுகொள்ளாது, மனிதர்கள் படிப்பதற்கானவை. பிளாப்பியின் மேல் ஒட்டியிருந்த தாளில் என்ன எழுதியிருந்தது, யாருடையது, எந்த நாளில் இமேஜ் எடுத்தீர்கள், எத்தனை செக்டார்கள் படிக்க முடியவில்லை, எமுலேட்டரின் எந்தப் பதிப்பு ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். என்னைக் கேட்டால் ஸ்கிரிப்டிலேயே முக்கியமான பகுதி இதுதான் என்பேன்.

அடுத்து, எக்கோ கட்டளை கொண்ட ஓரிரு வரிகள். இவை திரையில் தெரியும். "மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ட்ரோல், ஆல்ட், ஜி கீகளைச் சேர்த்து அழுத்தவும்" என்பது போல எழுதலாம். கியூஎமு விண்டோவுக்குள் ஒருமுறை கிளிக் செய்தால் மவுஸ் அதற்குள்ளேயே நின்றுவிடும். இது தெரியாத புதியவர்கள் கம்ப்யூட்டரே நின்றுவிட்டது என்று எண்ணி பவர் பட்டனை அழுத்திவிடுவார்கள். டாஸ்பாக்ஸில் இதற்கு கண்ட்ரோல், எஃப்10. இந்தச் செய்திக்குக் கீழே பாஸ் என்ற கட்டளையைப் போட்டுவிட்டால், படித்து முடித்து ஒரு கீயைத் தட்டும்வரை எமுலேட்டர் தொடங்காமல் காத்திருக்கும்.

மூன்றாவதாக, எமுலேட்டரைத் தொடங்கும் வரி. கியூஎமு என்றால் அதன் 386 வகை புரோகிராமின் முழு முகவரி, எவ்வளவு மெமரி, எந்த இமேஜ், எந்த டிரைவிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பவை இதில் வரும். டாஸ் புரோகிராமுக்கு 16 எம்.பி. மெமரி தாராளம். ஹைபன் போட்டு எஃப், டி, ஏ என்று எழுதி அதன்பின் இமேஜின் பெயரைத் தந்தால் அது ஏ டிரைவ். எஃப், டி, பி என்றால் பி டிரைவ். இமேஜும் ஸ்கிரிப்டும் ஒரே போல்டரில் இருந்தால் இமேஜின் பெயரை மட்டும் தந்தால் போதும். பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்றால் ஒரு கம்ப்யூட்டரில் அது இ டிரைவ் ஆகும், இன்னொன்றில் எஃப் டிரைவ் ஆகும். டிரைவ் எழுத்தோடு இமேஜின் முகவரியை எழுதினால் ஸ்கிரிப்ட் அங்கே வேலை செய்யாது.

நான்காவது, மூல இமேஜைக் காப்பது. பழைய புரோகிராம்கள் ஓடும்போதே தற்காலிக பைல்களைத் தம் பிளாப்பியில் எழுதும். இமேஜை நேரடியாக இயக்கினால் நீங்கள் பாடுபட்டு எடுத்த ஒரே காப்பி மாறிவிடும். கியூஎமுவில் ஸ்நாப்ஷாட் என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்தால், எழுதப்படுவதெல்லாம் தற்காலிக இடத்துக்குப் போய், மூடும்போது மறைந்துவிடும். டாஸ்பாக்ஸ் பயன்படுத்தினால், ஸ்கிரிப்டின் முதல் வேலையாக மூல இமேஜிலிருந்து ஒரு வேலைக் காப்பி எடுத்து அதை இயக்கும்படி எழுதுங்கள். அந்த ஒரு காப்பி கட்டளை பெரிய இழப்பைத் தடுக்கும்.

எல்லாப் பிளாப்பியும் பூட் ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் கடிதங்கள் மட்டும் உள்ள பிளாப்பியைப் பூட் செய்தால் இது சிஸ்டம் டிஸ்க் இல்லை என்ற செய்திதான் வரும். இதைப் பார்த்து பிளாப்பி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பூட் ஆகும் இமேஜ் ஒன்றை ஏ டிரைவிலும் இதை பி டிரைவிலும் வைத்து ஸ்கிரிப்ட் எழுதினால் பைல்கள் தெரியும். டாஸ்பாக்ஸில் பூட் செய்யாமலேயே இம்க்மவுண்ட் என்ற கட்டளையால் இமேஜை டிரைவாகச் சேர்க்கலாம். நான்கைந்து பிளாப்பிகளாக வந்த புரோகிராமுக்கும் டாஸ்பாக்ஸ் வசதியானது. எல்லா இமேஜ்களின் பெயரையும் வரிசையாக பூட் கட்டளையில் தந்துவிட்டு, அடுத்த பிளாப்பியைக் கேட்கும்போது கண்ட்ரோல், எஃப்4 அழுத்தினால் போதும். டாஸ்பாக்ஸின் அமைப்பு பைலின் கடைசியில் ஆட்டோஎக்ஸெக் என்ற பகுதி உண்டு. இந்தக் கட்டளைகளை அங்கே எழுதினால் தொடங்கும்போதெல்லாம் தாமாக நிறைவேறும். ஒவ்வொரு பிளாப்பிக்கும் தனித்தனி அமைப்பு பைல் வைத்துக்கொள்ளலாம்.

மவுஸ் கிளிக் போதாதா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். எமுலேட்டர்களுக்கு அழகான திரைகள் வந்துவிட்டன. மெனுவில் இமேஜைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்தால் ஓடுகிறது. எதற்கு இந்தக் கட்டளை வரிகள்?

நியாயமான கேள்விதான். ஒரு மாலை நேரம் பழைய விளையாட்டு ஒன்றை ஆடிப் பார்ப்பதற்கு மெனுவே போதும். ஆனால் அந்த விளையாட்டு சரியாக ஓடுவதற்கு நீங்கள் என்னென்ன மாற்றினீர்கள் என்று ஆறு மாதம் கழித்து நினைவிருக்குமா? 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதற்காக எழுதிய விளையாட்டு இன்றைய கம்ப்யூட்டரில் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் பறக்கும். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் என்ற எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பொறுமையாகச் சரியான வேகத்தைப் பிடிக்க வேண்டும். மவுஸால் தேடிய அந்த எண் மெனுவுக்குள் எங்கோ கிடக்கும். கம்ப்யூட்டரை பார்மட் செய்தால் போய்விடும். அமைப்பு பைலில் எழுதியது இமேஜோடு சேர்ந்து எங்கும் வரும்.

இன்னொன்றும் உண்டு. மெனுவில் செய்ததை அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். ஸ்கிரிப்டைச் சும்மா அனுப்பிவிடலாம். ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவர் வெளியூர் போய்விட்டாலும், காலமாகிவிட்டாலும், மற்றவர்கள் அந்த போல்டரைத் திறந்து ஒரு ஐகானை டபுள் கிளிக் செய்து அப்பாவின் கணக்கையோ பாட்டியின் கடிதத்தையோ பார்க்க முடிய வேண்டும்.

ஸ்கிரிப்டும் பழசாகுமே

இது இதைவிட வலுவான மறுப்பு. எமுலேட்டர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கியூஎமுவில் ஒலி அமைப்புக்கு முன்பு பயன்பட்ட சவுண்ட்ஹெச்டபிள்யு என்ற கட்டளைச் சொல் பின்னாளில் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் புதிய பதிப்பில் நின்றுபோயின. இமேஜின் வகையைச் சொல்லாமல் விட்டால் கியூஎமு இப்போது எச்சரிக்கை தருகிறது. வகையைத் தானாக ஊகித்த நிலையில் முதல் செக்டாரில் எழுதுவதையும் கட்டுப்படுத்துகிறது. அந்த முதல் செக்டார்தானே நம் பூட் செக்டார்! எனவே வகை ரா என்று தெளிவாக எழுதும் நீண்ட வடிவத்தைப் பயன்படுத்துவதே நல்லது.

ஆக, இன்று எழுதிய ஸ்கிரிப்ட் பத்து ஆண்டுகளுக்குப் பின் அப்படியே ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ஓடாத ஸ்கிரிப்டும் பயனுள்ளதுதான். அது சாதாரண எழுத்துப் பைல். திறந்து படிக்கலாம். 16 எம்.பி. மெமரி, ஏ டிரைவில் இது, பி டிரைவில் அது, இந்த வரிசை என்று அதில் எழுதியிருக்கும். அன்றைய எமுலேட்டருக்கு ஏற்ப ஓரிரு சொற்களை மாற்றினால் போதும். ஒன்றும் எழுதாமல் விட்ட இமேஜுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. கூடுதல் பாதுகாப்பாக, இப்போது ஓடும் எமுலேட்டரின் இன்ஸ்டால் பைலையும் அதே போல்டரில் வைத்துவிடுங்கள்.

இமேஜே சரியாக அமையாத பிளாப்பிகளும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருட்டுக் காப்பியைத் தடுக்க, விளையாட்டு நிறுவனங்கள் சில பிளாப்பிகளில் வழக்கத்துக்கு மாறான செக்டார்களை வைத்தன. சாதாரண இமேஜில் அவை பதிவாகாது. இவற்றுக்கு கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசில் போன்ற தனிக் கருவிகள் தேவை. ஸ்கிரிப்ட் எழுதி இதைச் சரிசெய்ய முடியாது.

சட்டப்படி சரியா?

இந்தியாவின் 1957ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ம் பிரிவு, ஒரு புரோகிராமை முறைப்படி வைத்திருப்பவர், இழப்பு அல்லது சேதத்திலிருந்து பாதுகாக்க பேக்கப் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. உங்களுடைய பிளாப்பிக்கு இது பொருந்தும். யாரும் விற்பதில்லை என்பதாலேயே ஒரு பழைய புரோகிராம் பொதுச்சொத்து ஆகிவிடாது. அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது வேறு விஷயம்.

பூட் செய்ய டாஸ் வேண்டுமே என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. ஜிம் ஹால் 1994ல் தொடங்கிய ஃப்ரீடாஸ் முற்றிலும் இலவசம். 2022ல் வந்த அதன் 1.3 பதிப்பு பிளாப்பி இமேஜ்களாகவும் கிடைக்கிறது. பயிற்சியை இதில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் எம்.எஸ். டாஸ் 1.25, 2.0 பதிப்புகளின் மூல நிரல்களை 2018ல் எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டது. 4.00 பதிப்பை 2024ல் வெளியிட்டது.

இந்த மாதமே தொடங்குங்கள்

பெட்டி நிறைய உள்ள எல்லாப் பிளாப்பிகளையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். பாதியில் சலித்துப் போகும். முதலில் ஃப்ரீடாஸ் இமேஜ் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதி இயக்கிப் பாருங்கள். அது ஓடியதும், வீட்டிலுள்ள பிளாப்பிகளில் முக்கியமான ஒன்றை மட்டும் எடுங்கள். இமேஜ் எடுத்து, பைட் எண்ணிக்கையைச் சரிபார்த்து, அதற்கென ஒரு போல்டர் போட்டு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். பிளாப்பியின் மேலட்டையை மொபைல் கேமராவில் படம் எடுத்து அதையும் அங்கே வையுங்கள்.

பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவரை, வீட்டில் உள்ள தம்பியையோ அம்மாவையோ, அந்த போல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். அவர்கள் தாமாகவே திரையில் வரும் குறிப்பைப் படித்து உள்ளே போய், கடிதத்தைத் திறந்து, வெளியேயும் வந்துவிட்டால் உங்கள் ஸ்கிரிப்ட் சரி. எங்கே தயங்கி உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்களோ, அந்த இடத்துக்கு இன்னும் ஒரு எக்கோ வரி சேர்க்க வேண்டும்.